இரண்டு ஜோடியைக் கீழே வைத்தவன்

அந்த ஆட்டத்தை எங்கள் ஆபீசுக்குள் கொண்டுவந்ததே நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் எனக்காக உச்சுக் கொட்ட வேண்டாம்.

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற சாலையில், டயர் கடை ஒன்றின் மாடியில் எங்கள் ஆபீஸ். கப்பலில் வந்திறங்கும் கன்டெய்னர்களுக்குக் கஸ்டம்ஸ் காகிதங்களை முடித்து, லாரியில் ஏற்றி வெளியே அனுப்புகிற வேலை. நாங்கள் நான்கு பேர். டாக்குமென்ட் பார்க்கிற அக்கா ஒருவர். ஒரு புள்ளி தவறினாலும் காகிதத்தை நம் முகத்துக்கே திருப்பி அனுப்புவார். துறைமுக கேட்டில் நிற்கிற வேலைகளைப் பார்க்கும் அண்ணாச்சி; கடலோரக் கத்தோலிக்க ஊரான மணப்பாட்டுக்காரர். ஐம்பதைத் தாண்டியவர், தோளில் எப்போதும் ஒரு துண்டு, ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம் பேசினால் அதிகம். மில்லர்புரத்திலிருந்து பைக்கில் வரும் என் வயதுக்காரன் ஒருவன்; வீட்டில் எல்லோரும் மளிகை வியாபாரம், இவன் மட்டும் கம்ப்யூட்டர். நான்காவது நான். நாசரேத்துக்காரன், இன்ஜினியரிங் முடித்தவன், வாய் கொஞ்சம் நீளம்.

சிக்கல் ஞாயிற்றுக்கிழமையில் இருந்தது. ஞாயிறன்றும் லாரிகள் வெளியேறும். எங்களில் ஒருவர் காலையிலிருந்து மாலை வரை கேட்டருகே காகிதத்தோடு நிற்க வேண்டும். முதலாளிக்கு யார் நிற்கிறார்கள் என்பது பொருட்டே இல்லை. அதனால் வெள்ளிக்கிழமை தோறும் நால்வர் பெயரையும் எழுதிக் குலுக்கிப் போட்டு ஒன்றை எடுப்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம், இது என்ன சின்னப்பிள்ளை வேலை, அதிர்ஷ்டத்துக்குப் பதிலாக மூளையை வைத்து முடிவு பண்ணலாமே என்று கேட்டேன். காலேஜ் ஹாஸ்டலில் நான்கு வருடம் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது போக்கர் ஒன்றுதான். அதைச் சொல்லிக்கொடுத்தேன். கையில் ஆளுக்கு இரண்டு சீட்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. ஏழில் நல்ல ஐந்தைச் சேர்த்துக்கொள்ளலாம். நம்பிக்கை இருந்தால் பந்தயத்தைத் தள்ளு. இல்லாவிட்டால் சீட்டைக் கீழே வை.

பந்தயத்துக்குக் காசு கிடையாது. கன்டெய்னர் கதவைப் பூட்டும் போல்ட் சீலை வெட்டினால் மிஞ்சுகிற தலைகள் ஆபீசில் ஒரு வாளி நிறையக் கிடந்தன. மஞ்சள், நீலம், பச்சை. ஆளுக்கு இருபது. பன்னிரண்டரைக்கு ஆட்டம் முடியும்போது யாரிடம் சீல் குறைவோ, ஞாயிறு அவருக்கு. காலை ஏழு மணிக்கே வேலை தொடங்குவதால் எங்களுக்குப் பதினொன்றரைக்கே சாப்பாடு. வலது கை சோற்றில் இருக்கும். இடது கையில் சீட்டு. உலகத்தில் வேறெங்கும் இப்படிப் போக்கர் ஆடியிருக்க மாட்டார்கள்.

முதல் நாள் அண்ணாச்சி கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

"தம்பி, எனக்கு இது பிடிபட மாட்டேங்கு. ரெண்டு ஜோடி பெருசா, ஒரே மாதிரி மூணு பெருசா?"

"மூணுதான் அண்ணாச்சி."

"சரி சரி. சொல்லிக் குடு, படிச்சுக்கிடுதேன்."

அடுத்த வாரமும் அதையே கேட்டார். அதற்கடுத்த வாரமும். பாவம் மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கென்று ஒரு திட்டம் இருந்தது. மேசையில் நம்மைப் பற்றி மற்றவர்கள் மனதில் எந்தப் படம் பதிகிறதோ, அதுதான் நிஜமான சீட்டு. நான் பொய்யன் என்ற படத்தை வரையத் தீர்மானித்தேன். முதல் சில வாரங்கள் குப்பைச் சீட்டை வைத்துக்கொண்டு சீல்களை அள்ளித் தள்ளினேன். மாட்டிக்கொண்டபோது சிரித்துக்கொண்டே சீட்டைத் திருப்பிக் காட்டினேன். வாயும் சும்மா இருக்காது. "அக்கா, கீழ வச்சிருங்க, எங்க அத்தைக்கு ஆபரேசன், ஞாயித்துக்கிழம நான் போயே ஆகணும்" என்பேன். அடுத்த வாரம் அதே அத்தைக்கு வேறு ஊரில் கல்யாண நாள். எனக்கு அத்தையே கிடையாது. இந்தப் படத்தை வரைய இரண்டு ஞாயிறுகளை வேண்டுமென்றே தோற்றேன். கோயிலுக்குப் போகாமல் கேட்டில் நின்றதற்காக அம்மா வீட்டில் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டார். முதலீடு அம்மா, உனக்குப் புரியாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

முதலீடு பலனும் தந்தது. அதன்பின் நல்ல சீட்டு வந்து நான் தள்ளும்போதெல்லாம் மூவரும் போட்டி போட்டுக்கொண்டு கூடவே தள்ளினார்கள். மில்லர்புரத்தான் சத்தமாகவே சொன்னான்: "ஏலே, இவன் வாயத் திறந்தாலே பொய்தான். போடு, போடு." தொடர்ந்து ஆறு வாரம் ஞாயிறு என் பக்கமே வரவில்லை.

இன்னொரு பக்கம் மற்றவர்களைப் பற்றி போனில் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா: நல்ல சீட்டு வந்தால் சோறு பிசைவது நின்றுவிடும். மில்லர்புரத்தான்: ஏமாற்றும்போது சீல்களை நிறம் பிரித்து அடுக்குவான். அண்ணாச்சி மட்டும் எதற்கும் அசையாமல் கருவாட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அதுவே சந்தேகம். இவ்வளவு தெரியாத ஆள் இவ்வளவு அமைதியாக எப்படி இருக்க முடியும்? பிறகு ஒரு வெள்ளிக்கிழமை கண்டுபிடித்தேன். திடீரென்று சோற்றுக் கையைத் துண்டில் துடைத்தார். நெற்றி, மார்பு, தோள்கள் என்று சிலுவை வரைந்தார். உதடு லேசாக அசைந்தது. அந்தக் கையில், அதாவது அந்தச் சுற்றில், சீட்டைத் திருப்பியபோது அவரிடம் மூன்று ராஜா இருந்தது. அடுத்த வாரமும் சிலுவை போட்டார்; நான் சீட்டைக் கீழே வைத்துத் தப்பித்தேன். மூன்றாம் வாரமும் அப்படியே. போனில் எழுதினேன்: சிலுவை என்றால் பெரிய சீட்டு. நன்றி சொல்கிறார் போல.

நானும் கிறிஸ்தவன்தான். ஆனால் எங்கள் புராட்டஸ்டன்ட் பக்கத்தில் சிலுவை போடுகிற வழக்கம் கிடையாது. கத்தோலிக்கர்களைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நினைக்கிற மாதிரி.

இந்த நேரத்தில்தான் அந்த ஞாயிறு வந்தது. சாத்தான்குளத்தில் நான் விரும்புகிற பெண் ஒருத்தி இருக்கிறாள். இரண்டு வருடப் பழக்கம். அவளுடைய அப்பா கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஆலயத்தில் முன்வரிசை. எங்கள் விஷயம் தெரிந்து நான்கு மாதம் மகளிடம் பேசாமல் இருந்தவர், திடீரென்று, "அந்தப் பையன ஞாயித்துக்கிழம ஆராதன முடிஞ்சு சாப்பிட வரச்சொல்லு, பாப்போம்" என்றிருக்கிறார்.

அவள் போனில் சொன்னாள்: "ஒரே ஒரு தடவதான் கூப்பிடுவாங்க. நீ வரலன்னா அப்பா அந்தப் பேச்சையே எடுக்க மாட்டாங்க. புரியுதால?"

"ஏளா, நான் வராம இருப்பேனா?"

ஆபீசில் நேராகச் சொல்லியிருந்தால் விட்டுக்கொடுத்திருப்பார்கள். இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு ஓடியது வேறு கணக்கு. ஒருவனுக்கு ஞாயிறு எவ்வளவு அவசியம் என்று தெரிந்துவிட்டால், அவன் பயத்தோடு ஆடுவான் என்பதும் தெரிந்துவிடும். பயந்தவனை மிரட்டுவது சுலபம். அதனால் வாயைத் திறக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஆட்டம் தொடங்குமுன், அண்ணாச்சி தானாகவே பேசினார்.

"இந்த ஞாயிறு எனக்கு வேணும் கேட்டியளா. மவன் கப்பல்லேந்து இறங்கிட்டான். பதினாலு மாசம் ஆச்சு. சனிக்கிழம ராத்திரி வாரான், திங்கக்கிழம காலைல மும்பைக்குப் போயிருவான்."

அக்கா உடனே, "அய்யோ, அப்பம் நீங்க ஆடவே வேண்டாமே அண்ணாச்சி" என்றார்.

"இல்ல இல்ல. ஆட்டம்னா ஆட்டந்தான்."

எனக்கு ஜிவ்வென்று ஏறியது. பத்து வாக்கியம் பேசாத ஆள் இன்று இத்தனை பேசுகிறாரே? நம் மனதை இளக்கி, சீட்டைக் கீழே வைக்கச் செய்கிற வேலையா இது? நான் அத்தையை வைத்துச் செய்ததை இவர் மகனை வைத்துச் செய்கிறாரா? அவருக்கு மகன் இருக்கிறானா என்பதே எனக்குத் தெரியாது. ஒரு வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன், கேட்டதில்லை.

பதினொன்றே முக்காலுக்குக் கரண்ட் போனது. ஏசியின் உறுமல் நின்றது. ஜன்னல்களைத் திறந்தோம். உப்புக் காற்றும் லாரி ஹாரனும் உள்ளே வந்தன. அக்காவும் மில்லர்புரத்தானும் ஏற்கெனவே என்னிடம் கொஞ்சம், அண்ணாச்சியிடம் கொஞ்சம் என்று பிடுங்கிப் பாதுகாப்பாக இருந்தார்கள். எனக்கும் அவருக்கும் ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு சீல்தான் மிச்சம். ஞாயிறு எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் என்பது தெளிவாகிவிட்டது.

அப்போது எங்கோ தூரத்தில் ஒரு மணி அடித்தது. மெல்லிய சத்தம். மூன்று, ஒரு இடைவெளி, மறுபடி மூன்று. அண்ணாச்சி கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு சிலுவை போட்டார். உதடு அசைந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். சரியாகப் பன்னிரண்டு.

"அண்ணாச்சி, இப்பம் என்ன செஞ்சீங்க?"

"பன்னெண்டு மணி செபம். மணி கேக்கலியா?"

"தெனமும் போடுவீங்களா?"

"பெறந்ததுலேந்து போடுதேன். ஏன், என்னல அப்பிடி முழிக்க?"

மில்லர்புரத்தான் சிரித்தான். "ஏசி சத்தத்துல இவனுக்கு மணி கேட்ருக்காது அண்ணாச்சி. உங்களுக்கு எப்பிடித்தான் கேக்கோ."

"கடக்கரையில பொறந்தவனுக்குக் காத்து கொண்டுவந்து குடுக்கும்."

மூன்று வாரக் குறிப்பு காற்றில் போனது. மூன்று ராஜா வந்தபோது மணி பன்னிரண்டு; அவ்வளவுதான். மற்ற நாட்களில் பன்னிரண்டுக்கு முன்பே சாப்பிட்டு எழுந்துவிடுவதால் நான் அதைப் பார்த்ததே இல்லை. நான் பயந்து கீழே வைத்த இரண்டு கைகளிலும் அவரிடம் என்ன இருந்ததோ, யாருக்குத் தெரியும். ஆனால் அதைவிட மோசமான ஒன்று நடந்திருந்தது. நான் முழித்ததை அவர் பார்த்துவிட்டார். ஒரு விநாடி அவர் கண் என் முகத்தில் நின்று, என் போனுக்குப் போய், திரும்பி வந்தது. நான் அவருடைய சிலுவையைக் கவனித்துக்கொண்டிருந்தேன் என்பது அவருக்குப் புரிந்ததா, இல்லையா?

சாப்பாட்டு டப்பாக்களை மூடி, எல்லோரும் கை கழுவிவிட்டு வந்தோம். மணி பன்னிரண்டு இருபத்தைந்து. கடைசிக் கை.

எனக்கு வந்தது ஒரு ஜாக், ஒரு எட்டு. நடுவில் மில்லர்புரத்தான் திருப்பியதில் ஜாக், எட்டு, இரண்டு. எனக்கு இரண்டு ஜோடி. அடுத்து ராணி. கடைசியாக ராஜா. பொதுச் சீட்டில் மூன்று ஆட்டின்; சிவப்பு இதயங்கள் வரிசையில் கிடந்தன. யார் கையிலாவது இன்னும் இரண்டு ஆட்டின் இருந்தால் ஐந்தும் ஒரே இனமாகிவிடும்; என் இரண்டு ஜோடி குப்பை. அக்காவும் மில்லர்புரத்தானும் முன்பே கீழே வைத்துவிட்டார்கள்.

அண்ணாச்சி தன் சீட்டை ஒருமுறை தூக்கிப் பார்த்தார். துண்டில் கையைத் துடைத்தார். சிலுவை போட்டார். பிறகு தன்னிடம் இருந்த எல்லாச் சீல்களையும் நடுவில் தள்ளினார்.

மணி எதுவும் அடிக்கவில்லை.

"எம்புட்டு நேரம் பாப்ப தம்பி? ஒன்னு போடு, இல்லன்னா வையி."

மூளை சூடானது. நான் சிலுவையைக் கவனிப்பது தெரிந்துதான் போடுகிறாரா? அப்படியென்றால் ஏமாற்று, தள்ள வேண்டும். ஆனால் இவர் ஆலயத் திருவிழாவுக்கு ஒன்பது நாளும் விரதம் இருக்கிற ஆள். சிலுவையை வைத்துப் பொய் சொல்வாரா? எங்கள் வீட்டில் ஜெபத்தில் பொய் சொன்னால் நாக்கு அழுகும் என்று சொல்லி வளர்த்தார்கள். சீட்டில் பொய் சொல்லலாம், வாயால் பொய் சொல்லலாம். சிலுவையால் ஒரு மணப்பாட்டுக்காரர் பொய் சொல்ல மாட்டார். அப்படியென்றால் அவரிடம் ஆட்டின் இருக்கிறது. கூடத் தள்ளித் தோற்றால் சாத்தான்குளம் நிச்சயமாகப் போச்சு; கீழே வைத்தால் எண்ணிக்கையில் ஒரு சீல் வித்தியாசத்திலாவது தப்பலாம்.

"ஏலே, இருபத்தெட்டாச்சு" என்றான் மில்லர்புரத்தான்.

நான் சீட்டைக் கீழே வைத்தேன்.

அண்ணாச்சி தன் இரண்டு சீட்டையும் மெதுவாகத் திருப்பிப் போட்டார். ஒரு நாலு. ஒரு ஆறு. இரண்டும் கறுப்பு. நடுவில் இருந்த எதோடும் ஒட்டாத, ஒன்றுக்கும் உதவாத சீட்டு.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். சீல்களை எண்ணினேன்; அவரைவிட எனக்கு மூன்று குறைவு, ஞாயிறு எனக்கு.

"அண்ணாச்சி! சிலுவ போட்டு ஏமாத்துதீங்களே, இது நியாயமா?"

"யாருல ஏமாத்துனா?" அவர் முகத்தில் சின்னச் சலனமும் இல்லை. "கையில ஒன்னுமே இல்ல. அப்பம் செபம் பண்ணாம எப்பம் பண்ணுவாவ? சேசுவே, இந்தப் பய கீழ வச்சிரணும்னு வேண்டிக்கிட்டேன். வச்சிட்ட."

"போக்கரே தெரியாதுன்னு சொன்னீங்க!"

அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். "ஏலே கிறுக்கா, அவரு பதினோரு வருசம் கப்பல்ல இருந்தவரு. கப்பல்ல வேற என்னத்தப் பண்ணுவாவ?"

தெரியாதவர் என்ற படத்தை அவர் ஒரு வருடமாக என் கண்ணெதிரே வரைந்துகொண்டிருந்தார். ஒரு ஞாயிறுகூடச் செலவழிக்காமல்.

அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். "அக்கா, நெசமாவே சொல்லுதேன். ஞாயித்துக்கிழம சாத்தான்குளத்துல பொண்ணு வீட்டுல சாப்பிடக் கூப்பிட்ருக்காங்க. இந்த ஒரு வாரம் யாராவது மாத்திக்கிடுங்க."

அக்கா மில்லர்புரத்தானைப் பார்த்தார். பிறகு மூன்று பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

"அத்தைக்குச் சொகமாயிட்டாலே?" என்றான் மில்லர்புரத்தான்.

"சத்தியமா."

"போன மாசமும் சத்தியந்தான பண்ணுன" என்றார் அக்கா. "போய்க் கேட்டுல நில்லு, போ."

நான் வரைந்த படம் அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

ஞாயிறு கேட்டில் நின்றேன். லாரிக்கு லாரி காகிதம் நீட்டினேன். மதியம் அண்ணாச்சியிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. மேட்டில் கோயில், பின்னால் கடல், அவர் தோளில் கை போட்டபடி அவரைவிட ஒரு அடி உயரமான ஒருவன். கீழே எதுவும் எழுதவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? பழைய படமோ என்று பெரிதாக்கிப் பார்த்தேன். அவர் போட்டிருந்த சட்டை, வெள்ளிக்கிழமை ஆபீசுக்குப் போட்டுவந்த அதே சட்டை. பாக்கெட்டில் அன்று கசிந்த பேனா மைக்கறைகூட இருந்தது. மகன் நிஜம். பதினாலு மாதம் நிஜம். அவர் வாயால் சொன்ன எதுவும் பொய்யில்லை, போக்கர் தெரியாது என்ற அந்த ஒன்றைத் தவிர.

அவளுக்குப் போன் போட்டேன். "கம்பெனியில அவசரமா ஒரு கப்பல் வந்திருச்சு. மொதலாளி என்னையத்தான் நிக்கணும்னு சொல்லிட்டாரு" என்றேன்.

எதிரே யாரோ தட்டு எடுத்துவைக்கிற சத்தம் கேட்டது.

"நீ பொய் சொல்லும்போது மட்டுந்தான் இப்பிடி மெதுவாப் பேசுவ" என்றாள். "உனக்கே தெரியாதா?"

தெரியாது. எல்லோருடைய குறிப்பும் போனில் இருந்தது, என்னுடையதைத் தவிர. மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். வாளி, சீல், சிலுவை, நாலு, ஆறு. அவர்கள் வீட்டில் சீட்டுக்கட்டு என்ற சொல்லையே யாரும் உச்சரித்ததில்லை. அவள் அப்பா பள்ளிக்கூடத்தில் சீட்டு ஆடிய இரண்டு பையன்களை டி.சி. கொடுத்து அனுப்பியவர் என்று ஊரே சொல்லும்.

"நான் அப்பாகிட்ட ஒன்னும் சொல்ல மாட்டேன்" என்றாள் கடைசியில். "இன்னொரு தடவ கூப்பிட வைக்கதுக்குப் பாக்கேன். வந்து நீயே சொல்லிக்கோ."

எப்படிக் கூப்பிட வைத்தாளோ தெரியாது. மூன்று வாரம் கழித்து அழைப்பு வந்தது. அக்காவிடம் போனைக் கொடுத்து அவளையே பேசவைத்தபின்தான் ஆபீசில் என்னை நம்பினார்கள். அந்த வெள்ளிக்கிழமை ஆட்டமே இல்லை. அக்கா ஞாயிறைத் தானே எடுத்துக்கொண்டார்.

சாப்பாட்டு மேசையில் அவள் அப்பா எனக்கு நேர் எதிரே. அவள் என் பக்கத்தில். அவள் அம்மா அடுப்படிக்கும் மேசைக்கும் நடந்துகொண்டிருந்தார். சாரின் முகத்தைப் போல ஒரு முகத்தை எந்த மேசையிலும் நான் பார்த்ததில்லை. கல். மகள் ஏற்கெனவே சொல்லிவிட்டாளா? என்னைச் சோதிக்கிறாரா? சொல்லாமல் மழுப்பினால் பிழைப்பேனா?

"போன தடவ ஏன் வரல?" என்றார்.

மெதுவாகப் பேச வாய் தயாரானது. அடக்கினேன். "சீட்டுல தோத்துட்டேன் சார். ஆபீசுல ஞாயித்துக்கிழம யாரு வேல பாக்கதுன்னு சீட்டு ஆடித்தான் முடிவு பண்ணுவோம். நான் தோத்துட்டேன்."

அவள் கை நின்றது. சார் மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"யாருகிட்ட?"

"மணப்பாட்டுக்காரர் ஒருத்தர் சார். முன்னால கப்பல்ல இருந்தவரு."

"ம். உங்கையில என்ன இருந்துச்சு?"

"ரெண்டு ஜோடி."

"ஜோடின்னா? என்ன ஜோடி?"

"ஜாக்கும் எட்டும் சார்."

அவர் தலையை நிமிர்த்தினார். கண்ணில் ஒரு நெருப்பு.

"ஜாக்கு ரெண்டு ஜோடிய வச்சுக்கிட்டு எவனாவது கீழ வைப்பானால?"

அடுப்படியில் கரண்டி நின்றது. அம்மா கதவருகே வந்தார். "உங்களுக்கு எப்பிடித் தெரியும் அதெல்லாம்?"

சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார். அந்தக் கல் முகம் முதல்முறையாக என்னைப் பார்த்து எதையோ கேட்டது. எனக்குப் புரிந்தது.

"அது வந்து ஆன்ட்டி," என்றேன், ஒவ்வொரு சொல்லாக, "சார் கணக்கு வாத்தியாரு இல்லியா… நிகழ்தகவு பாடத்துல… சீட்டுக்கட்ட வச்சுத்தான் கணக்கே வரும்… எங்க புக்குலயும் இருந்துச்சு…"

மேசைக்கடியில் அவள் என் காலை ஓங்கி மிதித்தாள். அம்மா எங்கள் மூவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சார் தட்டில் இருந்ததிலேயே பெரிய மீன் துண்டை எடுத்து என் சோற்றின் மேல் வைத்தார்.

திங்கட்கிழமை அண்ணாச்சியிடம் இதைச் சொன்னபோதுதான் ஒன்று உறைத்தது. அன்று கடைசிக் கைக்கு முன்னால் நாங்கள் எல்லோரும் கை கழுவிவிட்டு வந்துதான் உட்கார்ந்தோம். சோறு ஒட்டாத, கழுவின கையை எதற்குத் துண்டில் துடைத்தார், நான் பார்க்கட்டும் என்றா?

கேட்டேன்.

"ஈரமா இருந்துச்சு தம்பி" என்றார், கருவாட்டைக் கடித்தபடி.